முதல் செமஸ்டருக்குக் குப்பி போதுமா?

வன்னிப்பிள்ளை:
கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிக விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எல்லாம் தமிழில்தான் படித்தேன், அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். வெள்ளவத்தையில் போர்டிங்கும் பார்த்தாயிற்று. ஊரில் ஒரு அண்ணா சொல்கிறார்: "விரிவுரையில் ஒன்றும் விளங்காது. கையொப்பத்தைப் போட்டுவிட்டு இரு. பரீட்சைக்கு முதல் சீனியர்மார் குப்பி வைப்பார்கள், அதாவது தாங்களே கூட்டி இருத்திப் பாடம் சொல்லித் தருவார்கள், பழைய பேப்பரும் தருவார்கள். அது காணும்." அக்கா இதைக் கேட்டு ஏசுகிறார். இங்கே படித்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாம்வருடம்:
அண்ணா சொன்னதில் பிழை இல்லை. காலை எட்டு மணிக்கு விரிவுரை மண்டபத்தில் போய் இருப்பீர்கள். முன்னால் ஸ்லைட் ஓடும். பாதி எழுதுவதற்குள் அடுத்தது வந்துவிடும். சரி, பிறகு பார்க்கலாம் என்று எல்லோரும் போனைத் தூக்கித் திரையைப் படம் பிடிப்பார்கள். செமஸ்டர் முடியும்போது போன் நிறைய அந்தப் படங்கள்தான், திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதே பாடத்தை நம்முடைய சீனியர் ஒருவர் வெறும் வகுப்பறையில் நின்று தமிழில் ஒரு பின்னேரம் சொல்லித் தந்தால் விளங்கிவிடுகிறது. காசும் வாங்குவதில்லை. சிங்களப் பெடியன்களும் அவர்களுடைய குப்பியில்தான் பாஸ் பண்ணுகிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

முன்னாள்_டெமோ:
பட்டம் முடித்தபின் கொஞ்சக் காலம் தற்காலிக டெமோவாக, அதாவது விரிவுரையாளருக்கு உதவியாக, இருந்தேன். எங்கே என்பது வேண்டாம். விடைத்தாள் திருத்தும்போது ஒரு தடவை, ஒரே கணக்கில், ஒரே வரியில், கழித்தல் குறி இல்லாத விடைகள் அடுக்கடுக்காக வந்தன. விசாரித்தால் எல்லாம் ஒரே குப்பி நோட். பல கை மாறி, கொப்பிக்கு மேல் கொப்பி அடித்து, அந்தச் சின்னக் கோடு மங்கிப் போயிருக்கிறது. குறி போனால் அடுத்த வரி வராது. வராத அந்த அடுத்த வரியையும் பிள்ளைகள் அப்படியே எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான், குறிக்காக அல்ல.

அப்புறம் நேரக் கணக்கு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். அதில் விரிவுரை 15 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் 150, விரிவுரைக்கு 45 போனால் மிச்சம் 105 மணித்தியாலம் உங்கள் பொறுப்பு. வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சை ஆயத்தம் எல்லாம் அதற்குள்தான். ஒரு பின்னேரக் குப்பி இதில் எந்த மூலைக்கு? ரியூசனில் மாஸ்டரே ரியூட் (பாடக் குறிப்பு) அடித்து, மார்க்கிங் ஸ்கீமும் சொல்லி, வரப்போகும் கேள்வியையும் ஊகித்துத் தந்தார். கெம்பஸில் அப்படி ஒருவர் கிடையாது. குப்பியை நம்பி இருப்பவர் அந்த மாஸ்டரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
105 மணித்தியாலம் என்று எழுதுவது சுகம் அண்ணா. நான் இரண்டாம் வருடம். பின்னேரம் கெம்பஸால் வெளிக்கிட்டு நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். போர்டிங் வாடகை அதில்தான் போகிறது. மகாபொல புலமைப்பரிசில் காசு வரும்தான், ஆனால் அது வரும்வரைக்கும் பொறுக்கிற வீட்டுக்காரர் யாராவது இருந்தால் முகவரி தாருங்கள். இரவு திரும்பி வந்து புத்தகத்தை விரித்தால் கண் தானாக மூடுகிறது. குப்பி இல்லாவிட்டால் நான் முதல் வருடத்திலேயே ரிப்பீட்.

பம்பலப்பிட்டி_ரயில்:
நான் குப்பியிலும் தூங்கினேன், விரிவுரையிலும் தூங்கினேன். எந்தக் கட்சியும் இல்லை.

முன்னாள்_டெமோ:
மாஸ்டர், உழைத்துக்கொண்டு படிப்பவரோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நேரமில்லாதவர்தான் விரிவுரையை வீணாக்கக் கூடாது. பெரும்பாலும் 80 சதவீத வரவு கேட்பார்கள். அந்த ஒரு மணித்தியாலம் எப்படியும் அங்கே போகப்போகிறது, போனை நோண்டிக்கொண்டு இருந்தாலும் போகும். ரிப்பீட் என்றால் பல பீடங்களில் எவ்வளவு திறமாக எழுதினாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். முதல் செமஸ்டரில் விழுந்த ஜீபிஏயைக் கடைசி வருடம் வரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டும்.

மூன்றாம்வருடம்:
சொல்வது விளங்கினால்தானே கேட்பதற்கு? நீங்கள் கொழும்பில் ஆங்கில மீடியத்தில் படித்தவராக இருப்பீர்கள்.

முன்னாள்_டெமோ:
கிளிநொச்சி. உயர்தரம் தமிழில்.

வன்னிப்பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன், தொடங்க இன்னும் நாள் இருக்கிறதுதானே. நீங்கள் எழுதிய அதே உயர்தரப் பேப்பரின் ஆங்கிலப் பிரதியைத் தேடி எடுங்கள். பரீட்சைத் திணைக்களம் மூன்று மொழியிலும் அடிக்கிறது. தமிழ்ப் பேப்பரைப் பக்கத்தில் வைத்து, கேள்விக்குக் கேள்வி வாசியுங்கள். விடை உங்களுக்குத் தெரியும், கேள்வியும் பாதி மனப்பாடம். புதிதாக இருப்பது மொழி மட்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உயர்தர வளநூல்கள் ஆங்கிலத்திலும் உண்டு, காசு இல்லை. பேச்சு ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். கெம்பஸ் தொடங்கியபின், விரிவுரைக்கு முதல் நாள் இரவு அந்த அத்தியாயத்தின் தலைப்புகளையும் படங்களையும் மட்டும் ஒருக்காப் பாருங்கள், முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. அடுத்த நாள் விரிவுரையாளர் எங்கே நிற்கிறார், எங்கே போகிறார் என்றாவது பிடிபடும்.

சட்டபீடம்_அக்கா:
எல்லோரும் படிப்பைப் பற்றியே கதைக்கிறீர்கள். குப்பி எல்லா இடத்திலும் சும்மா கிடைக்கிறதா? பகிடிவதைக்கு ஒத்துவராத பிள்ளையை 'அன்டி' என்று ஒதுக்கி, வட்ஸ்அப் குழுவிலும் சேர்க்காமல், நோட்டும் கொடுக்காமல் விடுகிற பெட்சுகள் இந்த நாட்டில் இல்லையா? "எங்கள் சொல்லைக் கேட்டால் குப்பி, இல்லாவிட்டால் தனியே கிடந்து படி." 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை போகும். சட்டம் இருக்கிறது. ஆனால் நோட் தரவில்லை என்று யார் பொலிசுக்குப் போவார்? குப்பிதான் ஒரே வழி என்று புதுப் பிள்ளைக்குச் சொல்கிறவர்கள், அந்தக் கதவின் திறப்பு யார் கையில் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம்வருடம்:
அக்கா, இது அநியாயம். எங்கள் குப்பிக்கு யாரும் வரலாம், ஒருவரையும் ஒன்றும் கேட்பதில்லை. நானே போன செமஸ்டரில் என் பரீட்சையையும் வைத்துக்கொண்டு ஜூனியர்களுக்குப் படிப்பித்தேன்.

சட்டபீடம்_அக்கா:
உங்கள் பெட்ச் நல்ல பெட்ச் தம்பி, நம்புகிறேன். வன்னிப்பிள்ளைக்கு எந்தப் பெட்ச் வாய்க்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
அக்கா சொல்வது நடக்கிற விசயம். எங்கள் அறையில் ஒருவனுக்கு அப்படி நோட் வராமல் போனது. பிறகு நாங்கள் நாலு பேர், எல்லோரும் ஒரே பெட்ச், ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குள்ளேயே குப்பி வைக்கத் தொடங்கினோம். பாடத்தைப் பிரித்து, அவரவர் பங்கை அவரவர் விளங்கப்படுத்த வேண்டும். சீனியரிடம் கை நீட்டவில்லை.

மூன்றாம்வருடம்:
நாலு தெரியாதவர்கள் சேர்ந்தால் என்ன விளங்கும்?

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
முதல் இரண்டு கிழமை ஒன்றும் விளங்கவில்லை, உண்மை. ஒரு இடத்தில் முட்டிக்கொண்டால் யாராவது ஒருவர் விரிவுரையாளரிடமே போய்க் கேட்டு வருவோம். கேட்கப் போகிறவர் விரிவுரைக்கு ஒழுங்காக வந்தவராக இருந்தால் நல்லது, விரிவுரையாளருக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

முன்னாள்_டெமோ:
மாஸ்டர், நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள்.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
இல்லை அண்ணா. 105 மணித்தியாலம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

வன்னிப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. இரசாயனவியல் பேப்பர் ஆங்கிலத்தில் கிடைத்துவிட்டது. பல்தேர்வு கேள்விகள் பரவாயில்லை, கட்டமைப்புக் கேள்விகளில்தான் ஒரு வரியை மூன்று தரம் வாசிக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று கேட்கலாமா? வெள்ளவத்தையில் இருந்து காலை எட்டு மணிக்குள் போய்ச் சேர எந்த பஸ்?

பம்பலப்பிட்டி_ரயில்:
பஸ்ஸை விடுங்கள், ஏழரைக்குக் காலி வீதி அசையாது. ரயில் எடுத்துப் பம்பலப்பிட்டியில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தையால் துன்முல்லைச் சந்திக்கு நடவுங்கள். நடைக்கு அரை மணித்தியாலம் வையுங்கள். இது விரிவுரைக்கு. குப்பிக்கு என்றால் ஆறுதலாக எழும்பி வரலாம்.