டெக்சாஸில் வேக டிக்கெட்: டிஃபர்டு டிஸ்போசிஷன் மூலம் வழக்கு தள்ளுபடியான அனுபவம்

சென்ற ஆண்டு ஹூஸ்டனிலிருந்து டல்லாஸுக்கு ஐ-45 நெடுஞ்சாலையில் சென்றபோது, மணிக்கு 75 மைல் வரம்புள்ள இடத்தில் 87 மைல் வேகத்தில் ஓட்டியதற்காக எனக்கு டிக்கெட் (போக்குவரத்து விதிமீறல் சீட்டு) கிடைத்தது. அந்த வாரமே வழக்கறிஞர்களின் விளம்பரக் கடிதங்கள் வந்து குவிந்தன. இங்கே டிக்கெட் வாங்கிய செய்தி வீட்டாருக்குத் தெரியும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பலர் இணையத்தில் உடனே பணத்தைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று பொருளாகி, தண்டனை ஓட்டுநர் பதிவேட்டில் ஏறிவிடும். காப்பீட்டுக் கட்டணமும் உயரக்கூடும். பாதுகாப்பாக ஓட்டக் கற்றுத்தரும் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்புக்குச் சென்று வழக்கைத் தள்ளுபடி செய்யவைக்கும் வழியோ 12 மாதங்களுக்கு ஒருமுறைதான் திறக்கும். முந்தைய டிக்கெட்டுக்கு அதைப் பயன்படுத்தியிருந்ததால், டிஃபர்டு டிஸ்போசிஷன் ஒன்றே எனக்கு மிஞ்சியது. அதாவது, தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்கைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு.

இது நம் உரிமை அன்று, நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்த சலுகை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். டிக்கெட்டில் குறித்த தேதிக்கு முன்பே நகராட்சி நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ, 'நோ கான்டெஸ்ட்' (எதிர்க்கவில்லை) என்று எழுதித்தரவோ வேண்டும் என்றதும் சற்றுத் தயங்கினேன். ஆனால் நீதிபதி அதை ஏற்றுத் தீர்ப்பளிக்காமல் ஒத்திவைக்கிறார் என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர். சட்டப்படி அந்தக் காலம் 180 நாட்களைத் தாண்டக்கூடாது. எனக்கு 90 நாட்கள் விதித்தார்கள். அதற்குள் வேறு டிக்கெட் வாங்கக்கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. நீதிமன்றச் செலவுடன் தனியாக ஒரு தொகையும் கட்டியதால், பணத்தில் எனக்கு மிச்சம் எதுவுமில்லை. மிஞ்சியது பதிவேட்டின் சுத்தம் மட்டுமே. நிபந்தனையை மீறியிருந்தால், காரணம் கேட்டு நீதிமன்றம் அழைத்திருக்கும். தகுந்த விளக்கம் தராவிட்டால் தண்டனை உறுதியாகியிருக்கும்.

வணிக ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு, சொந்தக் காரில் சென்றபோது டிக்கெட் வாங்கியிருந்தாலும், இந்தச் சலுகை கிடையாது. வேலையாட்கள் இருக்கும் சாலைப்பணிப் பகுதியில் நடந்த மீறலுக்கும் இல்லை. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டுநர் வகுப்பையும் முடிக்க வேண்டும். என் நண்பரின் 19 வயது மகன் தேர்வு நேரத்தில் அதை முடிக்கப் பட்ட பாடு பெரும் பாடு.

காலம் முடிந்ததும் வழக்கு தள்ளுபடியானதற்கான சான்றை எழுத்தில் கேட்டு வாங்கினேன். தள்ளுபடியானதாலேயே பதிவு தானாக அழிந்துவிடாது. அழிப்பதற்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துவது நல்லது. குடியுரிமை விண்ணப்பத்தில் கைது, டிக்கெட் போன்றவற்றைப் பற்றிக் கேள்வி வரும்போது கையில் ஆவணம் இருக்கும்.