புதுப்பிப்பு: முட்டுக்குப் பிரேஸ் போட்டு ஓடலாமா?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஓடும் அண்ணனுக்கு முட்டுவலி. கீல் வைத்த பிரேஸ் (முட்டுக்குத் தாங்கலாக மாட்டும் துணி உறை) போட்டால் கால் மடங்குவது குறையுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினோம். நடக்கும்போது, கால் முன்னே வீசுகையில் முட்டு சுமார் 60 டிகிரி மடங்குமாம். மெல்ல ஓடினாலே அதைவிடக் கூடுதலாக மடங்கும்; பாதம் ஊன்றும்போதும் நன்றாக மடங்கித்தான் அதிர்வை வாங்குகிறது. அதனால் பிரேஸின் பிடி நடையில் அவ்வளவாகத் தெரியாது, ஓட்டத்தில் தெரியும். அண்ணனுக்கும் அப்படித்தான். ஓடும்போது முட்டுக்குப் பின்னால் துணி சுருண்டு சதையைக் கவ்வியது. நம்மூர் வேர்வையில் பிரேஸ் வழுக்கி இறங்க, கீல் முட்டுக்கு நேராக நிற்காமல் மடக்கும்போதெல்லாம் இழுத்தது. தயவுசெய்து அளவு பார்க்காமல் வாங்காதீர்கள்.

இப்போதைக்கு நடைக்கு மட்டும் பிரேஸ். அப்புறம், தொடைத்தசைப் பயிற்சி தினமும் நடக்கிறது.