யூகே ஸ்கவுட்ஸ் குரூப் உள்ளுக்குள்ள எப்படி ஓடுது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

ரெடிங் அப்பா:
பையனுக்கு எட்டு வயசு ஆகப் போகுது, ஸ்கவுட்ஸ்ல சின்னப் பசங்க பிரிவான பீவர்ஸ்லேர்ந்து அடுத்த பிரிவு கப்ஸுக்கு மாறப் போறான். மாசம் 15 பவுண்ட் போகுது, கேம்ப்புன்னா தனியா காசு, பேட்ஜுக்கு ஒண்ணும் கேக்கறதில்ல. ஸ்விம்மிங் கிளாஸுக்கு இதவிட ரெண்டு மடங்கு அழறோம். போன வாரம் பிக்கப் பண்ணப் போனப்ப ஒரு லீடர்கிட்ட உங்களுக்கு சம்பளம் யார் தர்றாங்கன்னு கேட்டேன், மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பகல்ல அவர் பிளம்பராம். கூட இருக்கறவங்க ஜிபி டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷனிஸ்ட். அப்ப இந்த 15 பவுண்ட் எங்கதான் போகுது, யார் இதையெல்லாம் கட்டி மேய்க்கறாங்க? உள்ள போய் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

ஹரோ பொருளாளர்:
நான் இருக்கிறன். கோயில் சபை, பழைய மாணவர் சங்கம் எண்டு போற இடமெல்லாம் கணக்குப் புத்தகம் தூக்கின ஆள் எண்டபடியா இதுவும் என்ர தலையில வந்து விழுந்தது.

முதல்ல ஒண்டு விளங்கோணும். தலைமையகத்தில இருந்து எங்களுக்கு காசு வாறேல்லை, நாங்கள்தான் அங்க கட்டுறம். ஒவ்வொரு குரூப்பும் தனித்தனி சரிட்டி. வருசம் 100,000 பவுண்ஸுக்குக் கீழ வருமானம் எண்டா இங்கிலாந்தில சரிட்டி கமிஷன்ல பதியத் தேவையில்லை, அதுக்காக கணக்கு காட்டாமல் தப்பலாம் எண்டு நினையாதேங்கோ, வருசா வருசம் பொதுக்கூட்டத்தில பெற்றாருக்கு முன்னால வைக்கோணும். பிள்ளையளோட நிக்கிற லீடர்மார் ஒரு பக்கம், காசும் கட்டிடமும் பாக்கிற ட்ரஸ்டீமார் ஒரு பக்கம், ரெண்டுக்கும் நடுவில குரூப் ஸ்கவுட் லீடர், சுருக்கமா ஜிஎஸ்எல். 2024ல பேரெல்லாத்தையும் மாத்தி அவருக்கு குரூப் லீட் வொலண்டியர் எண்டு வைச்சினம், எங்கட ஆக்கள் இண்டைக்கும் ஜிஎஸ்எல் எண்டுதான் கூப்பிடுறவை. பாங்கில இருந்து ஒரு சதம் வெளியால போறதெண்டாலும் ரெண்டு பேர் ஓம் எண்டு சொல்லோணும். இதை ஊர்ச் சங்கங்களிலயும் வைச்சிருந்தா எவ்வளவு சண்டை மிச்சம்.

எனக்கு நித்திரை இல்லாத மாசம் ஜனவரி. 31ம் திகதி கணக்கெடுப்பு. அண்டைக்கு பதிவில எத்தினை பிள்ளையள் நிக்கினமோ அத்தினை பேருக்கும் முழு வருசக் காசு கட்டோணும், தலைமையகம், கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் எல்லாற்ர பங்கும் அதுக்குள்ள. பெப்ரவரியில பிள்ளை விட்டிட்டுப் போனா எங்களுக்குத்தான் நட்டம். அதால கிறிஸ்மஸுக்குப் பிறகு முகம் காட்டாத பிள்ளையளின்ர தாய் தேப்பனுக்கு நான் போன் அடிச்சபடி இருப்பன், வாறியளோ விடுறியளோ ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ எண்டு. "இந்தக் கிழமை கட்டாயம் வருவான் அண்ணை" எண்டு சொல்லிப்போட்டு ஈஸ்டருக்கும் வராத ஆக்கள் இருக்கினம்.

மிச்சம் பேட்ஜ், கூடாரம், காஸ், பிள்ளையளின்ர பதிவு வைக்கிற ஆன்லைன் ஸ்கவுட் மேனேஜர் எண்டு போகும். ஆனா பெருஞ்செலவு கட்டிடம். எங்கட ஹட் கவுன்சில் காணியில குத்தகைக்கு நிக்குது, கூரை ஒழுகும், ஹீட்டர் நினைச்சா வேலை செய்யும். வெள்ளி பின்னேரம் பிள்ளையளுக்கு, மற்ற நேரம் வாடகைக்கு: விடிய நர்சரி, செவ்வாய் யோகா, சனிக்கிழமை எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம். உண்மையைச் சொன்னா ஹீட்டிங் பில்லையும் இன்சூரன்ஸையும் அந்த வாடகைதான் கட்டுது. ஹட் இல்லாத குரூப்புகள் பள்ளிக்கூட ஹோலை மணித்தியாலக் கணக்கில எடுக்கிறவை, அவையின்ர சப்ஸ், அதுதான் நீங்கள் மாசாமாசம் கட்டுற காசு, அதாலதான் கூட.

மில்டன் கீன்ஸ் அகேலா:
கப்ஸ் லீடரை இங்க அகேலான்னு கூப்பிடுவாங்க, எங்க கப்ஸ் குழுவுல அது நான்தான். எப்படி ஆனேன்னா, பொண்ணு வெயிட்டிங் லிஸ்ட்ல கிடந்தா கிடந்தா அப்படியே கிடந்தா, அப்புறம் ஒருத்தங்க காதுல போட்டாங்க, நீ வாலன்டியர் பண்ணா உன் பொண்ணுக்கு முதல்ல இடம் குடுப்பாங்கன்னு. நிறைய குரூப்ல இதான் வழக்கம், ஒளிவு மறைவெல்லாம் இல்ல. உடனே பேர் குடுத்துட்டேன். டிபிஎஸ் செக் பண்ணாங்க, அதாவது போலீஸ் ரெக்கார்ட் இருக்கான்னு பார்க்கறது, வாலன்டியருக்கு அது ஃப்ரீ, அப்புறம் சேஃப்கார்டிங் (பசங்க பாதுகாப்பு), ஃபர்ஸ்ட் எய்ட்னு ஆன்லைன்லயும் நேர்லயும் ட்ரெயினிங். பொண்ணு கப்ஸ் முடிஞ்சு அடுத்த பிரிவான ஸ்கவுட்ஸுக்குப் போயே வருஷமாச்சு, நான் இன்னும் சனிக்கிழமை மழையில 24 கப்ஸுக்கு தீ மூட்டக் கத்துக் குடுத்துட்டு நிக்கறேன், வீட்டுக்காரர் கிண்டல் பண்றார்.

காசு விஷயத்துல எங்களுக்கு பெரிய வரவு கிறிஸ்மஸ் போஸ்ட். இந்த ஊர்ல 1981ல ஒரு சட்டம் போட்டப்ப, லெட்டர் டெலிவரி போஸ்ட் ஆபீஸுக்கு மட்டும்தான்னு இருந்த விதிலேர்ந்து, நவம்பர் 25லேர்ந்து ஜனவரி 1 வரைக்கும் சாரிட்டிங்க கிறிஸ்மஸ் கார்டு டெலிவரி பண்ணலாம்னு விலக்கு குடுத்தாங்க. அப்படி வந்த வழக்கத்துல நாங்களே சின்ன ஸ்டாம்ப் அடிச்சு கடைங்கள்ல வெச்சு விப்போம், ராயல் மெயில் ஸ்டாம்ப் விலைல பாதி கூட இருக்காது, டிசம்பர்ல எங்க டைனிங் டேபிள் முழுக்க ஷூ டப்பாவா இருக்கும், ஒவ்வொரு டப்பா மேலயும் தெரு பேர், பசங்க கார்டைப் பார்த்துப் பார்த்து போட்டுக்கிட்டே இருப்பாங்க, நடுவுல சாப்பாடு எல்லாம் சோஃபாலதான். போஸ்ட்கோட் எழுதாம வெறும் "நான்சி, பப்புக்கு எதிர்த்த வீடு"ன்னு எழுதற பாட்டிங்களும் உண்டு, அதையும் கொண்டு போய் சேர்த்துடுவோம். ஜனவரில பழைய கிறிஸ்மஸ் மரத்தை வீடு வீடா எடுத்துட்டுப் போய் டொனேஷன் வாங்கற குரூப்பும் இருக்கு, அதுக்கு வேன் வேணும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், காசு எப்படியாவது வந்துடுது. ஆள்தான் வரமாட்டேங்குது. பசங்களை ராத்திரி தங்க வெக்கற கேம்ப்னா நைட்ஸ் அவே பெர்மிட் இருக்கற லீடர் கண்டிப்பா கூட இருக்கணும். எங்க குரூப்ல அந்த பெர்மிட் ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு, அவருக்கு முதுகு வலி வந்து படுத்துட்டார், கூடாரம் இருக்கு, புக் பண்ண கேம்ப்சைட் இருக்கு, பேங்க்ல காசு இருக்கு, கேம்ப் கேன்சல். பசங்க முகத்தைப் பார்க்க முடியல. வெளிய கார்ல ஹீட்டரைப் போட்டுட்டு ஒன்றரை மணி நேரம் போன் நோண்டற அப்பாக்கள்ல ரெண்டு பேர் உள்ள வந்தா போதும்னு எனக்குத் தோணும். ரெடிங் அப்பா, உங்களைச் சொல்லல :)

ரெடிங் அப்பா:
என்னைத்தான் சொல்றீங்க, புரியுது. எனக்கு கேம்ப்பிங்லாம் சுத்தமா வராதுங்க, கூடாரம்னாலே அலர்ஜி.

மில்டன் கீன்ஸ் அகேலா:
கூடாரத்துக்குள்ள வரவே வேணாம். டீ போடறது, ஸ்டோர் ரூம் சாமான் எண்ணறது, கிராண்ட் அப்ளிகேஷன் எழுதறது, எல்லாத்துக்கும் ஆள் வேணும். பெரிய பசங்க இருந்தா அவங்களும் வரலாம், 14லேர்ந்து 18 வயசு எக்ஸ்ப்ளோரர்ஸ் யங் லீடரா கப்ஸ்ல வந்து உதவினா டியூக் ஆஃப் எடின்பரோங்கற இளைஞர் அவார்டோட வாலன்டியரிங் கணக்குல சேரும், நம்ம ஆளுங்க அதைக் கேட்டதும் உடனே ஃபார்ம் வாங்கிப்பாங்க.

ஈஸ்ட்ஹாம் பழைய சாரணர்:
நான் யாழ்ப்பாணத்தில சாரணரா இருந்தனான். அங்க சிப் எ ஜொப் கிழமை வந்தா கையில ஒரு அட்டை தருவினம், வீடு வீடாப் போய் முத்தம் கூட்டி, சைக்கிள் துடைச்சு, கிணத்தடி தேய்ச்சு, தாற காசை அட்டையில எழுதி கையெழுத்து வாங்கோணும். ஒரு மாமி முழுக் காணியையும் கூட்டவிட்டிட்டு ரெண்டு ரூபா தந்தவா, பக்கத்து வீட்டு வாத்தியார் ஒண்டும் செய்யவிடாமல் பத்து ரூபாவும் தேத்தண்ணியும் தந்தவர். இங்கயும் 1949ல தொடங்கின பொப் எ ஜொப் எண்டு ஒண்டு இருந்ததாம், என்ர மகன்ர ஆக்கள் அப்பிடி வீடுகளுக்குப் போறேல்லை, சூப்பர்மார்க்கெட் வாசலில பை கட்டிக் குடுத்து வாளியில சில்லறை சேர்க்கினம். எனக்கு ஊர் முறைதான் பிடிக்கும், முழங்கையில சேறு பட்டுச் சேர்த்த காசு. மகன் கேக்கிறான், ஆரப்பா முன்பின் தெரியாத வீட்டுக்கு பிள்ளையைத் தனிய விடுவினம் எண்டு. அதுவும் சரிதான்.

ரெடிங் அப்பா:
சரி பொருளாளர் சார், ஒரு டவுட். சேர்க்கும்போது கிஃப்ட் எய்ட்னு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, அது ஏதோ எக்ஸ்ட்ரா காசு கேக்கறாங்கன்னு நினைச்சு வீட்ல சும்மா வெச்சிருக்கோம். அது என்ன?

ஹரோ பொருளாளர்:
ஐயோ, அதை இண்டைக்கே நிரப்பிக் குடுங்கோ. உங்களிட்ட ஒரு சதமும் கூட எடுக்கமாட்டினம். நீங்கள் கட்டுற ஒவ்வொரு பவுண்ஸுக்கும் வரிக்காரர் குரூப்புக்கு 25 பென்ஸ் குடுப்பினம், வருசம் 180 கட்டினா குரூப்புக்கு இன்னொரு 45. முப்பது நாப்பது பிள்ளையள் எண்டா கூரையை ஒட்டுற காசு அது. வீட்டில ரெண்டு பேரில ஆர் வரி கட்டினமோ அவையின்ர பேரிலதான் ஃபோர்ம் இருக்கோணும், வரி கட்டாத ஆள் கையெழுத்து வைச்சா பிறகு கரைச்சல். கேம்ப் காசுக்கு இது செல்லாது, சப்ஸுக்கு மட்டும்.

ரெடிங் அப்பா:
ஃபார்ம் ஃபிரிட்ஜ் மேல இருக்கு, வெள்ளிக்கிழமை குடுத்துடறேன். டீ போடறதுக்கும் டிபிஎஸ் வேணுமா?

மில்டன் கீன்ஸ் அகேலா:
எப்பயாவது ஒரு நாள் வந்து நின்னா வேணாம், வாரா வாரம் வரப் போறீங்கன்னா வேணும். பாஸ்போர்ட்டையும் கையோட கொண்டு போங்க, அங்கயே முடிச்சிடலாம்.