டிங்கரிங்: பொருளைக் கையாண்டு கற்பதற்கு ஒரு சொல்

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வடிவமைப்பு மாணவர்களுக்குப் பொருள்களைப் பற்றிக் கற்பிக்கிறேன். சூழலைக் கெடுக்காத பொருள்களை அவர்களே காய்ச்சி, உலர்த்தி, மண்ணில் புதைத்துப் பார்ப்பதுதான் பாடம். இதற்கு ‘மெட்டீரியல் டிங்கரிங்’ என்று பெயர். இதை அப்படியே தமிழில் எழுத முடியாது. நம் சாலையோரப் பட்டறைப் பலகைகளில் டிங்கரிங் என்றால் நசுங்கிய கார்த் தகட்டைத் தட்டி நிமிர்த்துவது.

‘செய்முறை’ போதும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில், சோதனைக் குழாயில் இருக்கும் உப்பு எது என்று ஆசிரியருக்கு முன்பே தெரியும். இங்கே விடை யார் கையிலும் இல்லை. மரவள்ளி மாவைத் தண்ணீர், வினிகர், கிளிசரின் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உலர்த்தினால் ஒளி ஊடுருவும் தாள் கிடைக்கும். கிளிசரின் குறைந்தால் அப்பளம்போல் நொறுங்கும். கூடினால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். சென்ற ஐப்பசி அடைமழையில், நான் அச்சடித்துக் கொடுத்த அளவுகள் ஒரு குழுவுக்கும் சரிவரவில்லை. தாள்கள் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்தன, பூசணம் பூத்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் கேட்ட கேள்விகள் என் விரிவுரைகளில் ஒருநாளும் எழுந்ததில்லை.

நோண்டுதல் என்றால் கெடுப்பதாகிவிடும். பிசைதல் மாவோடு நின்றுவிடும். ‘சோற்றை அளையாதே’ என்று குழந்தையிடம் சொல்கிறோமே, அந்த அளைதல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘சிறுகை அளாவிய கூழ்’ என்ற குறளில் அதன் உறவுச்சொல் இருக்கிறது. ஆகவே ‘கையளைவு’ என முன்மொழிகிறேன்.

மறுமொழி:

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேர் நல்ல வேர். ஆனால் கையளைவு அச்சில் கையளவு ஆகிவிடும். மெய்யெழுத்தின் ஒரு புள்ளியை அச்சில் காப்பாற்றவே நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியும். ஐகாரத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை நிறுத்த வேண்டாம். இன்னொன்று, அளைதலில் நோக்கம் இல்லை. குழந்தை அளைந்துவிட்டு எழுந்து போய்விடும். உங்கள் மாணவர் எதையோ தெரிந்துகொண்டு எழ வேண்டும். பட்டு அறிவது பட்டறிவு என்று ஆகியிருக்கிறதே, அந்த வழியில் ‘அளைந்தறிதல்’ என்றால் என்ன? ஓர் ஐயமும் உண்டு: கூழை அளையலாம், தாளையும் மூங்கிலையும் எப்படி அளைவது?

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

அளைந்தறிதல் என்னுடையதைவிடத் தெளிவான சொல். ஏற்றுக்கொள்கிறேன்.

தாளைப் பற்றிக் கேட்டீர்கள். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் டெசாவ் நகரில், பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் தொடக்க வகுப்பில் ஆசிரியர் யோசெஃப் ஆல்பெர்ஸ் மாணவர்களுக்குச் செய்தித்தாள்களைக் கொடுத்தார். கத்தி, பசை இல்லாமல், முடிந்தால் கையால் மட்டும், அதிலிருந்து ஏதாவது செய்யச் சொன்னார். பலர் படகும் கோட்டையும் விலங்கும் செய்தார்கள். அவர் பாராட்டியது, தாளை நீளவாக்கில் மடித்துத் தட்டிபோல் நிற்க வைத்திருந்த ஒருவரை. மடிப்பினால் தாளுக்கு வந்த விறைப்பை அந்த விரல்கள் கண்டுபிடித்திருந்தன. பூந்தாதில் அளைந்த வண்டு என்கிறோம். அங்கே கூழ் இல்லை. தாளுக்கும் மூங்கிலுக்கும் சொல் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

‘அறிதல்’ சேர்ந்ததில் எனக்கு இன்னொரு மகிழ்ச்சி. மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து செய்த பிஎல்ஏ என்ற நெகிழியாலான கோப்பையைப் பார்த்ததும், செடியிலிருந்து வந்தது மட்கிவிடும் என்றே மாணவர்கள் நம்புகிறார்கள். 60 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம் நிலைக்கும் உரமாக்கும் ஆலையில்தான் அது விரைவாக மட்கும். தோட்டத்தில் எங்கள் மரவள்ளித் தாளையும் அதையும் அருகருகே புதைத்தோம். மூன்று மாதம் கழித்துத் தோண்டியபோது தாள் இருந்த இடத்தில் மண் மட்டுமே இருந்தது. கோப்பையைக் கழுவினால் தேநீர் குடிக்கலாம் போலிருந்தது. ‘உயிர்மூலப் பொருள்’ வேறு, ‘மட்கும் பொருள்’ வேறு என்று நான் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி ஏறாதது அன்று ஏறியது.

அடுத்த பருவத்தின் மாணவர் குறிப்பேட்டில் ‘அளைந்தறிதல்’ என்றே தலைப்பிடுகிறேன். காய்ச்சி உலர்த்திய மாதிரித் துண்டுக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘துணுக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஜவுளித் துறையில் புழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.