பூட்டிய வீட்டு மதில் சரிந்து கீரைக்காரம்மாவின் கால் முறிந்தது: யாரிடம் கேட்பது?

பின்கட்டுத் தெருக்காரன்:
காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள் இங்கே ஏராளம். அப்படி ஒரு வீட்டின் பின்மதில் ஐப்பசி மழையில் சரிந்து, கூடையோடு போய்க்கொண்டிருந்த கீரைக்காரம்மாவின் மேல் விழுந்துவிட்டது. வயது 38. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அறுவைச் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போயிற்று. தை பிறந்த பிறகும் அவரால் கூடை தூக்க முடியவில்லை.

வீட்டுக்கு முப்பதுக்கு மேற்பட்ட பங்குகள். முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறப்பார்கள். மதிலில் விரிசல் விட்டிருந்ததும் ஆலங்கன்று முளைத்திருந்ததும் தெருவுக்கே தெரியும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மூலமாக 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். “மனிதாபிமான உதவியாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்று அதில் எழுதியிருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா, வழக்குப் போடலாமா?

நெறியாளர்:
ஊர்ப் பெயர், வீட்டு விலாசம், குடும்பப் பெயர் எதையும் இங்கே எழுத வேண்டாம்.

வளவுக்காரர்:
தம்பி, அந்த வீட்டில் எனக்குப் பங்கு இல்லை. இதே போன்ற வேறொரு வீட்டில் இருக்கிறது, அதனால் பேசுகிறேன். நூறு வருடம் நின்ற மதில், விடாமல் பெய்த மழையில் விழுந்தது. யாரும் தள்ளிவிடவில்லை. ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் பினாங்கில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஓடு மாற்றுவதற்கே எல்லோரையும் சம்மதிக்கவைக்க வருடக் கணக்காகும். அந்த நிலையிலும் 25,000 தருகிறோம் என்று தாமாகவே சொல்லியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு போவதுதான் மரியாதை. விபத்து நடந்தால் லாட்டரி விழுந்த மாதிரி நினைக்கும் பழக்கம் நம் பக்கம் இருந்ததில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். இப்படி வழக்குகள் வர ஆரம்பித்தால் பங்காளிகள் என்ன செய்வார்கள்? பர்மா தேக்குத் தூணையும் நிலையையும் கழற்றி விற்றுவிட்டு வீட்டை இடித்துப் போடுவார்கள். இருக்கிற நாலு நல்ல வீடும் போய்விடும்.

ஆத்தங்குடிக் கல்:
கால் முறிந்தவர் லாட்டரிச் சீட்டு வாங்கவில்லை அண்ணே, தெருவில் நடந்துகொண்டிருந்தார்.

போன கல்யாணத்துக்கு அந்த மாதிரி வீடுகளில் முகப்புக்கு வெள்ளையடித்து, வாசலில் விளக்குத் தோரணம் கட்டினார்களா இல்லையா? கோவிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரி பாக்கியில்லாமல் போகிறதா இல்லையா? அதற்கெல்லாம் பினாங்கிலிருந்து சம்மதம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. பின்மதிலில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்க மட்டும் எல்லோர் கையெழுத்தும் வேண்டுமாக்கும்.

குமாஸ்தா:
வக்கீல் அலுவலகத்தில் நெடுநாள் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சில விவரங்கள்.

முதலில் மழை. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு ஒன்று 1951இல் இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் போட்ட வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுச் சாலையை ஒட்டி நிற்கும் கட்டடம் விழுந்து வழிப்போக்கருக்குக் காயம் ஏற்பட்டால் உரிமையாளர்தான் பொறுப்பு; பழுது வெளியே தெரிந்ததா, உள்ளே மறைந்திருந்ததா என்பது அவரைக் காப்பாற்றாது. கட்டடம் தானாக விழுந்தது என்பதே கவனக்குறைவுக்கு முதல் சாட்சி. நம் வழக்கிலோ விரிசலும் ஆலங்கன்றும் கண்ணுக்குத் தெரிந்தே இருந்திருக்கின்றன. ஐப்பசியில் மழை பெய்யும் என்பது செட்டிநாட்டில் யாரும் எதிர்பாராத தெய்வச் செயல் அல்ல. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று மதில் சரிந்து 17 பேர் இறந்ததும் மழையில்தான். அதற்குப் பிறகும் மழைமேல் பழி போடுவது எடுபடாது.

இரண்டாவது, இது வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகாது. உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்கு. அங்கே கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 2017க்கு முன்பு ஏழரை சதவீதம் இருந்தது. கட்ட வசதியில்லாதவர் அதைச் சொல்லி அனுமதி பெற்று வழக்கை நடத்தலாம். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். அந்தச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு 1995இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வருகிறவர்கள்தான் குறைவு.

அந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போடக்கூடாது. கால் எந்த அளவுக்குத் தேறும் என்று மருத்துவருக்கே இன்னும் தெரியாது.

வளவுக்காரர்:
குமாஸ்தா ஐயா மணிக்கூண்டுத் தீர்ப்பில் பாதியைத்தான் சொன்னார். அந்தக் கூண்டு 80 வருடப் பழையது, அப்படிப்பட்ட காரைக் கட்டடத்தின் ஆயுள் 40, 45 வருடம்தான் என்று பொறியாளர் சொன்னதை வைத்துத்தானே தீர்ப்பு வந்தது? அந்தக் கணக்குப்படி பார்த்தால் செட்டிநாட்டில் ஒரு வீடு நிற்கக்கூடாது. கருப்பட்டியும் கடுக்காயும் போட்டு அரைத்த சுண்ணாம்பு இன்றைக்கும் ஆணி இறங்காமல் நிற்கிறது. டெல்லி மணிக்கூண்டை அளந்த கோலால் எங்கள் வீட்டை அளக்காதீர்கள்.

குமாஸ்தா:
நியாயமான வாதம். நீதிமன்றத்தில் இதைச் சொன்னால் கேட்பார்கள், உங்கள் தரப்புப் பொறியாளரும் சாட்சி சொல்லலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு வயதோடு நிற்கவில்லை. அவ்வளவு பழைய கட்டடத்தை அவ்வப்போது முறையாகச் சோதித்தார்களா என்பதும் கேள்வியாக இருந்தது. சோதிக்கவில்லை என்று தெரிந்தது. உங்கள் சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பாகவே இருக்கட்டும். பின்மதிலைக் கடைசியாக யார், எந்த வருடம் பார்த்தார்கள்?

கடல்கடந்தவன்:
கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் ஒரு வீட்டில் 48இல் ஒரு பங்கு. சின்ன வயதில் ஒரு தடவை போனதோடு சரி. வீட்டு வரி ரசீது இன்னும் என் பாட்டனாரின் தகப்பனார் பெயரில் வருகிறது. அங்கே மதில் விழுந்தால் நான் எப்படிப் பொறுப்பு? அதிகபட்சம் என் 48இல் ஒரு பங்கைத்தானே கேட்க முடியும்?

குமாஸ்தா:
அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. பலருடைய கவனக்குறைவு சேர்ந்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அடிபட்டவர் யாராவது ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொடுத்தவர் மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அது இரண்டு வாகனங்கள் மோதிய வழக்கு என்றாலும் கூட்டுப் பொறுப்பு என்ற கொள்கை பொதுவானது. எனவே கோலாலம்பூருக்கு அழைப்பாணை அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. காரைக்குடியிலும் மதுரையிலும் இருக்கிற பங்காளிகள் பெயரில் வழக்குப் போட்டால் போதும். பிறகு நடப்பதைப் பங்காளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். (அது தனி மகாபாரதம்.)

தேவகோட்டை ரஸ்தா:
இடையில் ஒரு வார்த்தை. என் மைத்துனரை லாரி இடித்தபோது இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வாகனத்துக்குக் கட்டாயக் காப்பீடு இருக்கிறது, கொடுப்பது நிறுவனம். வீட்டுக்கு அப்படி எதுவும் கட்டாயமில்லை. அதனால்தான் இங்கே ஒவ்வொரு ரூபாயும் ஒரு மனிதரின் பையிலிருந்து வர வேண்டியிருக்கிறது, இவ்வளவு ரோஷமும் வருகிறது. வாகன விபத்து என்றால் மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் கெடு வைத்திருக்கிறார்கள் என்பதையும் இதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

செஞ்சை செவிலி:
ஒரு கேள்வி. முதல் நாள் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எப்படிக் காயம் பட்டது என்று எழுதியிருப்பார்களே, அதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் யாரும் இதைப் பார்ப்பதில்லை. பிறகு வழக்கு அதில்தான் தடுக்கி விழும்.

பின்கட்டுத் தெருக்காரன்:
அக்கா, நீங்கள் கேட்ட பிறகு, கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். “நடந்து செல்லும்போது கால் இடறிக் கீழே விழுந்ததாகக் கூறுகிறார்” என்று இருக்கிறது. அவரிடம் விசாரித்தேன். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்தான். “மதில் என்று சொன்னால் போலீஸ் வரும், வைத்தியம் தாமதமாகும், விழுந்துவிட்டேன் என்று சொல்” என்றாராம். வலியில் இவரும் சொல்லிவிட்டார்.

ஆத்தங்குடிக் கல்:
25,000 ரூபாயின் மனிதாபிமானம் இப்போது புரிகிறது.

வளவுக்காரர்:
அப்படிச் சொல்லச் சொன்னது அயோக்கியத்தனம். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் வீடு பார்ப்பவர் பயத்தில் செய்ததைப் பங்காளிகள் எல்லோர் தலையிலும் கட்டுவது சரியில்லை. மாதம் சில ஆயிரத்துக்கு விளக்கேற்றிக் கூட்டிப் பெருக்குகிறவர் அவர். தன் வேலை போய்விடும் என்று நினைத்திருப்பார்.

செஞ்சை செவிலி:
பதிவேட்டில் அப்படி இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 108 ஆம்புலன்ஸ் வந்திருந்தால் எங்கிருந்து, எதற்காக அழைத்தார்கள் என்று அவர்களிடம் தனிக் குறிப்பு இருக்கும். வெறுமனே இடறி விழுந்தால் உடம்பில் செங்கல் சிராய்ப்பும் சுண்ணாம்புத் தூசியும் எப்படி வரும்? காயக் குறிப்பைத் தேடிப் பாருங்கள். அன்றைக்கு மதில் கிடந்த கிடப்பை யாராவது படம் எடுத்திருப்பார்கள், தெருவில் கேளுங்கள்.

பின்கட்டுத் தெருக்காரன்:
ஆம்புலன்ஸ் வந்தது. படம் என்னிடமே இருக்கிறது, எதிர்வீட்டுக் கல்லூரி மாணவனிடம் காணொளியும் இருக்கிறது. கூடை மேல் கல் கிடக்கிறது. எவ்வளவு கேட்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். அவருக்கு வருமானச் சான்று எதுவும் கிடையாது.

குமாஸ்தா:
சான்று இல்லாதது பெரிய குறையல்ல. காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்டவரிடம் ஆவணம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று ஏற்றுக்கொண்டது. 2008இல் நடந்த விபத்து அது. அந்தக் காலத்துக்கே அவ்வளவு.

ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன். மாத வருமானம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குள் இருக்கிற சொந்தத் தொழில்காரருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டுவது 2017இலிருந்து வழக்கம். கூட்டினால் 12,600. வருடத்துக்கு 1,51,200. இதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும்; 36 முதல் 40 வயது வரை அந்தப் பெருக்கெண் 15, அது 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை. 22,68,000 வருகிறது. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போயிற்று என்றால் 4,53,600. இதற்குக் கட்டணம் 13,608. வலி வேதனைக்கும், படுத்திருந்த மாதங்களின் வருமானத்துக்கும், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கும் தனியாகக் கேட்க வேண்டும். பெருக்கெண் வாகன வழக்குகளுக்காக வந்ததுதான், இங்கேயும் வழிகாட்டியாகக் காட்டலாம்.

கவனிக்க வேண்டியது அந்த 20 சதவீதம். மருத்துவக் குழு காலுக்கு இத்தனை சதவீதம் ஊனம் என்று எழுதுவது வேறு, பிழைப்பில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு. 2010இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. அதே முறிவு உட்கார்ந்து பூக்கட்டுகிறவருக்கு ஒரு கணக்கு, தலையில் சுமையோடு தெருத்தெருவாக நடக்கிறவருக்கு இன்னொரு கணக்கு. இவர் நடந்தால்தான் கீரை விற்கும் என்பதை நீதிபதி முன் நன்றாகச் சொல்ல வேண்டும்.

வளவுக்காரர்:
கீரை விற்பவருக்கு நாலரை லட்சம்! சொல்லும்போதே உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

ஆத்தங்குடிக் கல்:
முப்பதுக்கு மேல் பங்கு என்றால் ஒரு பங்குக்குப் பதினைந்தாயிரம்கூட வரவில்லை அண்ணே. ஒரு கல்யாணத்தில் பாக்கு வெற்றிலைப் பைக்கு ஆகிற செலவு.

கடல்கடந்தவன்:
அந்தத் தொகை என்றால் நான் தந்துவிடுவேன். எனக்குப் பயம் தொகையைப் பற்றி அல்ல, இன்னொரு மதிலைப் பற்றி. விழும் முன்பே ஏதாவது செய்ய வழி இருக்கிறதா? மற்ற பங்காளிகள் அசைவதில்லை.

குமாஸ்தா:
இருக்கிறது. விழும் நிலையில் உள்ள கட்டடத்தைச் சரிசெய்ய அல்லது இடிக்க உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 152. தேவகோட்டைக் கோட்டாட்சியருக்கு ஒரு மனுப் போடுங்கள். பங்காளியே போடலாம். உத்தரவு வந்தால் மற்றவர்களின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அதுவே உங்களுக்கு லாபம்.

வளவுக்காரர்:
இதை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் வழக்கு என்பதை இன்னமும் ஒப்பமாட்டேன். பத்து வருடம் இழுக்கும், அந்த அம்மாவுக்கு ஒரு பைசா வருவதற்குள் அவர் மகன் கிழவனாகிவிடுவான். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள், 25,000 என்பது உயரும். அந்த வீட்டுப் பங்காளிகள் இருவரை எனக்குத் தெரியும், நான் பேசுகிறேன்.

குமாஸ்தா:
பேசுவதை நானும் தடுக்கவில்லை. எங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அங்கே ஒத்துக்கொண்ட தொகை நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டு வசூலிக்கலாம். திண்ணையில் ஒத்துக்கொண்டதை அப்படி வசூலிக்க முடியுமா?

பின்கட்டுத் தெருக்காரன்:
அவரிடம் பேசினேன். தாளில் கையெழுத்துப் போடவில்லை. முதலில் ஊனச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறோம், அது வந்த பிறகு சட்டப் பணிகள் குழு. வளவுக்காரர் ஐயா அதற்குள் பேசிப்பார்த்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம்.

வளவுக்காரர்:
அப்படியானால் மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்தனுப்புங்கள். கையில் எதுவும் இல்லாமல் போய்ப் பேச முடியாது.

குமாஸ்தா:
நகல் மட்டும் போகட்டும். அசல் அந்த அம்மாவிடமே இருக்க வேண்டும்.

பின்கட்டுத் தெருக்காரன்:
அசல் அவரிடம் இல்லை. மருத்துவமனைக் கோப்பு, ஊடுகதிர்ப் படம் எல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் இருக்கின்றன. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கே வாங்கிக்கொண்டாராம்.

செஞ்சை செவிலி:
நாளைக் காலையிலேயே அந்த அம்மாவின் ஆதார் அட்டையோடு மருத்துவமனைப் பதிவறைக்குப் போய், நகல் கேட்டு அவர் பெயரில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். கோப்பை அவரிடம் கேட்பது அதற்குப் பிறகு.