எடை குறைவாகப் பிறந்த மகள்: இதில் தாயாகிய என் பங்கு எவ்வளவு?

கேள்வி: முல்லைக்கொடி

என் மகளுக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. 37 வாரம் நிறைந்தபோது 2.2 கிலோ எடையுடன் பிறந்தாள். ஒவ்வொரு முறை அழைத்துச் செல்லும்போதும் குழந்தை மருத்துவர் வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைத்து, கோடு ஒழுங்காக ஏறுகிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புகிறார். ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் அவளுடைய காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்து என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் இருக்கும் கேள்வியை இப்போது நானே என்னிடம் கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டேன்.

கருவுற்றிருப்பது எனக்கு ஏழாவது வாரத்தில்தான் தெரிந்தது. ஃபோலிக் அமில மாத்திரையை அதன் பிறகே தொடங்கினேன். எட்டு மாதம் வரை வேலைக்குப் போனேன், அந்த மாதங்கள் முழுவதும் ஏதோ ஒரு பதற்றம் இருந்துகொண்டே இருந்தது. முதல் இரண்டு வாரம் பால் போதவில்லை என்பதால் பால்மாவு சேர்த்தோம், இன்றும் இரவில் ஒரு வேளை அதுதான். நான்காவதாக ஒன்று உண்டு, இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இரவு மூன்று மணிக்குப் பால் கொடுக்கும்போது அவள் என்னை அண்ணாந்து பார்ப்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிக்க வேண்டும் என்று தெரிகிறது, முகம் அசைவதில்லை.

இந்த நான்கில் எது அவளுடைய உடலையும் அறிவையும் உண்மையாகவே பாதிக்கும், எது வெறும் பேச்சு என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். ஆறுதலுக்காக எதையும் மறைக்க வேண்டாம்.

மறுமொழி 1: பழைய செவிலி

அம்மா முல்லைக்கொடி, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஃபோலிக் அமிலத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தச் சத்தின் முதன்மையான வேலை, பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகும் நரம்புக்குழாய் சரியாக மூடிக்கொள்ள உதவுவது. கருத்தரித்த 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிடும்; மாதவிடாய்க் கணக்கில் அது ஏறத்தாழ ஆறாவது வாரம். அதாவது உங்களுக்குச் செய்தி தெரிவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது. பல பெண்களுக்கும் இப்படித்தான் நேரும் என்பதால், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள எல்லாப் பெண்களும் முன்கூட்டியே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1992-இலேயே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. உங்கள் மகளுக்குத் தண்டுவடக் குறை எதுவும் இல்லை. ஆகவே அவளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி அங்கேயே தீர்ந்தது. அடுத்த குழந்தைக்கு எண்ணமிருந்தால் மட்டும் மாத்திரையை முன்பே தொடங்குங்கள்.

எடைக்கு வருகிறேன். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த பிறப்பு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அதற்கான காரணங்களில் நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டக் குறைவு, இரத்த அழுத்தம், இரத்தசோகை, தொற்று, புகையிலை, நாள் நிறையாமல் பிறப்பது, தாயே சிறிய உடல்வாகு உடையவளாக இருப்பது ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன. சுற்றியிருப்பவர்கள் முதலிடம் கொடுக்கும் ‘கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள்’ என்பது இந்த வரிசையில் வெகுவாகப் பின்னால் வரும். பதற்றத்தின்போது தாயின் இரத்தத்தில் ஏறும் கார்ட்டிசால் என்ற இயக்குநீரில் பெரும்பகுதியை, குழந்தையைச் சென்றடையும் முன் நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடுகிறது. கடுமையான, நீண்ட காலத் துன்பத்துக்குப் பிறகு பேறு சற்று முன்கூட்டியே நிகழும் போக்கு ஆய்வுகளில் தென்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் வேலைப் பதற்றத்தையும் அதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பாலைப் பற்றி. சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் குடல் சுவரில் ஒரு காப்புப் பூச்சுபோலப் படிகிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகளும் நிறைய உண்டு. அவை குழந்தைக்கான உணவல்ல, குழந்தையின் குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கான உணவு. (இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.) முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதுதான் பொதுவான பரிந்துரை என்றாலும், ஒரு வேளை பால்மாவு கொடுத்ததால் மற்ற வேளைகளின் பயன் அழிந்துபோவதில்லை. கலக்கும் நீரும் புட்டியும் சுத்தமாக இருக்கட்டும், அளவு சரியாக இருக்கட்டும், அது போதும்.

தாயின் உடல் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டது வேறோர் இடத்தில். 1.3 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை. கை கால் சில்லிட்டு, மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. அவனை ஆடையில்லாமல் தாயின் மார்பின்மேல் குப்புறப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியால் இறுகச் சுற்றினோம். முக்கால் மணி நேரத்தில் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு ஒரு சீருக்கு வந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு ஏறியிருந்தது. இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது; கங்காரு பராமரிப்பு என்பார்கள். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கிய சிறு குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். உடல்நிலை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7 பேர். தாய்க்கு முடியாத வேளையில் தந்தையின் மார்பிலும் படுக்கவைத்திருக்கிறோம்.

நான்காவதாக நீங்கள் எழுதியதைப் பற்றி என்னைவிட நன்கு தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான்.

மறுமொழி 2: எண்கணக்கன்

நான் மருத்துவன் அல்லேன். நலவாழ்வுத் துறையில் புள்ளிவிவரங்களோடு காலம் தள்ளுகிறவன். செவிலி அம்மா சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒரு சிறு திருத்தத்துடன்.

தாய்ப்பாலின் பெருமைகளாகச் சொல்லப்படும் பட்டியலில் எல்லாம் சமமான உறுதி உடையவை அல்ல. தாய்ப்பால் கொடுப்போர், கொடுக்காதோர் ஆகிய குடும்பங்களுக்கிடையே படிப்பு, வருமானம், ஓய்வு எல்லாமே வேறுபடுவதால், இரு குழந்தைகளுக்கு இடையிலான வேறுபாடு பாலால் வந்ததா வீட்டால் வந்ததா என்று பிரிப்பது கடினம். இதைக் கடக்க பெலாரஸில் 1996-97-இல் 17,000-க்கு மேற்பட்ட தாய்-சேய் இணைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். சில மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கு மட்டும் தாய்ப்பாலூட்டலுக்குக் கூடுதல் ஊக்கமும் உதவியும் தந்தார்கள். அங்கு பிறந்த குழந்தைகளுக்கு முதலாண்டில் வயிற்றுத் தொற்று தெளிவாகக் குறைந்தது. பிற்கால உடல்பருமன் குறையவில்லை. ஆறரை வயதில் அறிவுத்திறன் சோதனையில் தெரிந்த முன்னிலை 16 வயதில் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆகவே வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் பாலின் பங்கு உறுதியானது. மற்றவற்றை அடக்கிப் பேசுவது நல்லது.

இதே குழப்பம் கருவுற்ற காலத்தைப் பற்றிய செய்திகளிலும் உண்டு. கருவுற்றபோது புகைபிடித்த தாய்மாரின் குழந்தைகளுக்கு எடையும் குறைகிறது, கவனக்குறைவும் மிகுகிறது என்று ஆய்வுகள் காட்டின. ஒரே தாய் ஒரு கருவில் புகைபிடித்து மற்றொரு கருவில் பிடிக்காத உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது, எடைக்குறைவு அப்படியே நின்றது. கவனக்குறைவுத் தொடர்பு வெகுவாக வலுவிழந்தது. முதலாவதற்குப் புகையே காரணம், இரண்டாவதில் மரபும் சூழலும் நிறையக் கலந்திருந்தன.

தாயின் வயிற்றில் நடப்பது ஆயுள் முழுவதும் பின்தொடரும் என்பதற்கு வலுவான சான்றுகளில் ஒன்று, யாரும் திட்டமிடாத ஒரு கொடுமையிலிருந்து வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பஞ்சம் வந்தது. அதற்குத் தெளிவான தொடக்கமும் முடிவும் இருந்ததால், எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பட்டினியைச் சந்தித்தது என்று பின்னாளில் கணக்கிட முடிந்தது. கடைசி மாதங்களில் சந்தித்தவை எடை குறைந்து பிறந்தன. தொடக்க மாதங்களில் சந்தித்தவை இயல்பான எடையுடன் பிறந்தும், நடுவயதில் அவர்களிடையே இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது. முல்லைக்கொடி அவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: பிறந்த அன்று தராசு காட்டும் எண்ணை வைத்து உள்ளே நடந்த எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. அந்தப் பட்டினியையும் எந்தத் தாயும் தேர்ந்தெடுக்கவில்லை.

தாயின்மேல் பழிபோடும் பழக்கத்துக்கு அறிவியலும் துணைபோயிருக்கிறது. ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் குளிர்ந்த மனமே என்று 1950-களில் மருத்துவர்கள் பெருமளவில் நம்பினார்கள். ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்றே பெயர் சூட்டினார்கள். ஆட்டிசமுள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் அதை மறுத்து நூல் எழுதினார். 1977-இல் இரட்டையர்களை ஆராய்ந்த ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் மரபின் பங்கைக் காட்டினார்கள். அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார் தலைகுனிந்து வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

மறுமொழி 3: இரவுப்பறவை

முல்லைக்கொடி, அந்தச் சுவரை எனக்குத் தெரியும். என் மூத்தவன் பிறந்தபோது நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் வடிவமைத்த ஒரு சோதனையைப் பற்றி நீங்கள் எங்காவது படித்து மேலும் பயந்துவிடும் முன், நானே முழுவதையும் சொல்லிவிடுகிறேன். தாய் குழந்தையோடு வழக்கம்போல் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு ஓரிரு நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது. பயனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடலைத் தளர்த்துகிறது, சில குழந்தைகள் அழுகின்றன. தாய் மீண்டும் சிரித்ததும் சற்று நேரம் சிணுங்கிவிட்டு விளையாட்டுக்குத் திரும்புகிறது. பலர் இதில் நடுப்பகுதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். நலமாக இருக்கும் தாயும் சேயும்கூட விளையாடும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே ஒருவருக்கொருவர் இசைந்திருக்கிறார்கள் என்றும், மீதி நேரமெல்லாம் தவறுவதும் திருத்திக்கொள்வதுமாகவே போகிறது என்றும் அவரே பின்னர் கண்டார். இரவு மூன்று மணியின் அசையாத முகம் அவளுக்குத் தீங்கு செய்துவிடாது. பகலிலும் அதே முகம், வாரக்கணக்கில், திருத்தம் இல்லாமல் நீடித்தால்தான் குழந்தையின் பேச்சும் உறவாடலும் பின்தங்கக்கூடும்.

ஆகவே நான் கேட்பது பகலைப் பற்றி. அவள் உறங்கும்போது உங்களுக்கு உறக்கம் வருகிறதா? முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? காரணமே இல்லாமல் உங்களையே நொந்துகொள்கிறீர்களா? (உங்கள் கேள்வியைப் படித்தவர்களுக்குக் கடைசிக் கேள்வியின் விடை தெரியும்.) பேற்றுக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள் உண்டு, ஐந்து நிமிடத்தில் முடியும், மதிப்பெண் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்ற பத்தாவது கேள்விக்கு ‘ஆம்’ என்ற சாயல் வந்தாலே அன்றைக்கே பார்க்க வேண்டும். நான் முதலில் போன இடத்தில் ‘எல்லாத் தாய்மாருக்கும் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி ஐந்து மாதம் இழந்தேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

முல்லைக்கொடி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அந்தப் பத்துக் கேள்விகளுக்கும் விடை எழுதிப் பார்த்தேன். 15 வந்தது. பத்தாவது கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதே என் விடை; அதில் எனக்கு ஐயமில்லை. தாளைக் கணவரிடம் காட்டினேன், திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார். இனி மூன்று மணிப் பால்மாவை அவரே கொடுப்பதாகவும் பேசிக்கொண்டோம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: மருந்து எழுதிக் கொடுத்தால் மீதி வேளைகளில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்குமா?

பழைய செவிலி

பெரும்பாலும் வேண்டியிருக்காது அம்மா. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன என்பதால் பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் அவற்றையே முதலில் எண்ணுவார்கள். பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதும் என்றும் சொல்லக்கூடும். உள்ளே போனதும் முதல் வேலையாக, பால் கொடுக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுங்கள். விடை எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். அங்கே உட்கார்ந்ததும் வாய் வராமல் போகும், தாள் பேசும்.