வலி, வளி, வழி: பத்தாம் வகுப்பில் ஏஐ பாடம் எடுத்த அனுபவம்

கணினி ஆசிரியை, ஈரோடு பக்கம்

சிபிஎஸ்இ பள்ளிகளில் ஏஐ 2019-20 கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்புக்கு விருப்பப் பாடமாக வந்தது. பாடக் குறியீடு 417. எழுத்துத் தேர்வு 50, செய்முறை 50. அந்த எழுத்துத் தேர்விலும் 10 மதிப்பெண் தகவல் தொடர்புத் திறன், சுய மேலாண்மை மாதிரி விஷயங்களுக்குப் போய்விடும்.

பத்தாம் வகுப்பில் எடுக்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் 'இவாலுவேஷன்' பாடம். கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் (ஏஐ சொன்னதையும் உண்மையையும் ஒப்பிடுகிற கட்டம்), பிரிசிஷன் (அது 'ஆம்' என்றதில் எத்தனை சரி), ரீகால் (உண்மையான 'ஆம்'களில் எத்தனையைப் பிடித்தது). புத்தகத்தில் காட்டுத்தீயை வைத்து விளக்கியிருப்பார்கள். நல்ல உதாரணம்தான். தீ பற்றி எரியும்போது, டேட்டாவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏஐ மாடல் 'தீ இல்லை' என்றால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. ஆனால் அடுத்த வாரம் கேட்டால் ஃபால்ஸ் பாசிட்டிவ் எது, ஃபால்ஸ் நெகட்டிவ் எது என்று தலையைச் சொறிகிறார்கள்.

அதனால் டீச்சபிள் மெஷின் என்கிற கூகுளின் இணையக் கருவியில் ஆடியோ ப்ராஜெக்ட் எடுத்தோம். கோடிங் தேவையில்லை, பிரவுசரிலேயே மாடல் ட்ரெயின் ஆகிவிடும். மூன்று வகை: வலி, வளி, வழி. முதலில் பின்னணிச் சத்தத்தை 20 விநாடி பதிவு செய்யச் சொல்லும். எங்கள் லேபில் அது முழுக்க ஃபேன் சத்தம். அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு விநாடித் துண்டாகப் பதிய வேண்டும். 'வழி'யைச் சொல்ல யார் வந்தார்கள் தெரியுமா? ஒப்புவித்தல் போட்டிக்குப் போகிற முன்வரிசைப் பெண்கள். 'வளி' பின்பெஞ்சுப் பையன்களுக்குப் போனது. 'வலி' மட்டும் கலந்து கட்டி.

மாடல் தயாரானதும் சோதித்தோம். அந்தப் பெண்கள் சொன்னால் 'வழி' என்று கச்சிதமாகக் காட்டுகிறது, ஒரே கைதட்டல். சரி, பக்கத்து வகுப்பில் இருந்த தமிழ் ஐயாவைக் கூப்பிடுவோம் என்று ஒருத்தி ஓடினாள். ஐயா சாக்பீஸோடு வந்தார். மைக் பக்கம் குனிந்து, நாக்கை வளைத்து, எடுத்துக்காட்டுக்கு வைக்கலாம் போல ஒரு 'வழி' சொன்னார். திரையில் 'வளி'க்கு நேரே பட்டை நீண்டது. மறுபடி சொன்னார். மறுபடியும் 'வளி'. "இந்த மிஷினுக்கு யாரும்மா தமிழ் சொல்லிக் கொடுத்தது?" என்றார். வகுப்பே முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

காரணத்தைப் பிள்ளைகளே பிடித்தார்கள். ஒரு பெண் வேண்டுமென்றே 'வளி' சொல்லிப் பார்த்தாள். மாடல் 'வழி' என்றது. அது ழகரத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை. பெண் குரல் என்றால் 'வழி', ஆண் குரல் என்றால் 'வளி', அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. அப்படியே கரும்பலகையில் கட்டம் போட்டோம். ஐயா சொன்னது உண்மையான 'வழி', மாடல் தவறவிட்டது, ஆகவே ஃபால்ஸ் நெகட்டிவ். இப்படிக் கூடக்கூட ரீகால் இறங்கும். அந்தப் பெண் சொன்னது 'வளி', மாடல் 'வழி' என்றது, ஆகவே ஃபால்ஸ் பாசிட்டிவ். இதில் பிரிசிஷன் இறங்கும். அதற்கப்புறம் ஃபால்ஸ் நெகட்டிவ் என்றால் என் வகுப்பில் "ஐயா கேஸ்" என்றுதான் பேச்சு.

அதே வகுப்பில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன் இருக்கிறான். அவன் வாயில் ழகரம் ளகரமாகத்தான் வரும். அவன் 'வழி' என்று நினைத்துச் சொன்னதை மாடல் 'வளி' என்றது. இது மாடலின் தப்பா, இல்லையா? சொல்ல நினைத்ததை லேபிளாக, அதாவது சரியான விடையாக எழுதுவதா, காதில் விழுந்ததை எழுதுவதா? காதில் விழுந்ததைத்தான் எழுத வேண்டும் என்றார் ஐயா. பையன் விடவில்லை: "ஐயா, எங்க ஊர்ல பஸ்ல 'வளி விடுங்க'ன்னா எல்லாரும் நகர்ந்துதான் நிப்பாங்க. யாரும் காத்து அடிச்சு விட்டதில்ல." பீரியட் முடிகிற வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஏஐ பயஸ் (பாரபட்சம்) பற்றிப் பாடத்தில் வருகிற பக்கங்களை நான் தனியாக நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

தேர்வில் இதெல்லாம் வராது. பிரிசிஷன் சூத்திரம் எழுது என்றுதான் வரும், எழுதிவிடுகிறார்கள். எனக்கு வருத்தமே இந்த இடத்தில்தான். டேட்டாவை யார் சேகரித்தது, யாருக்கு எந்த லேபிள் போனது என்று கேட்கிற பிள்ளைக்கு மதிப்பெண் கொடுக்க எழுத்துத் தேர்வில் இடமில்லை.

ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

டீச்சர், உங்கள் லேபில் மைக் வேலை செய்கிறது என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு நாலைந்து பேர், அதிலும் பாதி ஹேங் ஆகிக் கிடக்கும். அதனால் டெசிஷன் ட்ரீ (கேள்வி மேல் கேள்வியாகக் கிளை பிரிந்து முடிவுக்கு வருகிற முறை) பாடத்தை மரத்தடிக்கே கொண்டுபோய்விட்டேன்.

வளாகத்தில் கிடக்கிற இலைகளைப் பொறுக்கி வரச் சொன்னேன். ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்விகளால் மட்டுமே இலையை வைத்து மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காம்பில் பல சிற்றிலைகளா? ஆம் என்றால், ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கிறதா? இருந்தால் வேம்பு, இல்லையென்றால் புங்கை. ஒற்றை இலை, இதய வடிவம் என்றால் அரசு. விதி பிரமாதம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் ரோட்டோரத்திலிருந்து பூவரசு இலையைக் கொண்டு வந்து வைத்தான். அதுவும் இதய வடிவம்தானே! எங்கள் கேள்வி மரம் நொண்டிவிட்டது. அரச இலைக்கு நுனியில் நீளமாக வால் இருக்கும், பூவரசுக்கு அப்படி இருக்காது என்று பிள்ளைகளே பார்த்து இன்னொரு கேள்வியைச் சேர்த்தார்கள். ட்ரெயினிங் டேட்டாவில் இல்லாதது வந்து நின்றால் மாடல் என்ன செய்யும் என்பதற்கு அந்தப் பூவரசு போதும்.

அதன் பிறகு காய்ந்த வேப்பிலை, பூச்சி அரித்த இலை என்று தினம் ஒன்றைக் கொண்டு வந்து என்னை மடக்கப் பார்க்கிறார்கள். மற்ற பாடங்களில் எனக்கு இந்த அனுபவம் கிடைத்ததில்லை.

ஒரு அம்மா, சென்னை

நீங்கள் இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டால் ஆசையாக இருக்கிறது. என் மகளுக்கு நடந்தது வேறு. "ப்ராப்ளம் ஸ்கோப்பிங், டேட்டா அக்விசிஷன், டேட்டா எக்ஸ்ப்ளொரேஷன், மாடலிங், இவாலுவேஷன்" என்று ஏஐ ப்ராஜெக்ட்டின் படிகளை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் "அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா" என்பாள்.

இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளியில் சொன்ன காரணமும் வேறு. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் இவற்றில் ஒன்றில் தோற்றுப்போனால், ஏஐ மாதிரி ஆறாவதாக எடுத்த ஸ்கில் பாடத்தின் மதிப்பெண்ணை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாமாம். விதி அப்படித்தான் இருக்கிறது, தப்பில்லை. ஆனால் ஸ்டெப்னி டயராகவே ஒரு பாடத்தை அறிமுகப்படுத்தினால் பிள்ளை அதை எப்படிப் பார்க்கும்?

ப்ராஜெக்ட் நீர் சேமிப்பு. முழுக்க சாட்ஜிபிடி எழுதியது, அவள் பெயர் மட்டும் முகப்பில். தோழிகளுடையதும் கிட்டத்தட்ட அதே வாக்கியங்கள்தான். டீச்சர், நீங்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கணினி ஆசிரியை, ஈரோடு பக்கம்

அறிக்கையை சாட்ஜிபிடி எழுதினால் நான் சண்டை போடுவதில்லைங்க. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உட்காரும்போது ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, "உன் டேட்டாவைக் காட்டு" என்று மட்டும் கேட்பேன். போட்டோவோ, குரல் பதிவோ, நோட்டில் போட்ட கட்டமோ, எதுவாக இருந்தாலும் சரி. அதில் மாடல் தப்பாகச் சொன்ன ஒன்றை எடுத்துக்காட்டி, ஏன் தப்பு என்று விளக்க வேண்டும். தண்ணீர் ப்ராஜெக்ட் செய்த ஒரு பையன் வீட்டு மோட்டார் ஓடிய நேரத்தைக் கையால் எழுதி வைத்திருந்தான். நடுவில் ஒரு நாள் மட்டும் ரொம்ப அதிகம். கேட்டால் "அன்னைக்கு அக்கா கல்யாணம் மிஸ், நூறு பேர் வீட்ல" என்றான். அவனுக்கு முழு மதிப்பெண்.

உங்கள் மகளிடம் ஒரு வாரம் வீட்டுத் தண்ணீர்க் கணக்கை எழுதச் சொல்லிப் பாருங்கள். லாரித் தண்ணீர் வருகிற நாளைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி சார், அந்த இலைக் கேள்விகளை முழுசாக இங்கே போட முடியுமா? எங்கள் பள்ளியில் புங்கையும் வேம்பும் நிறைய இருக்கின்றன. பூவரசு மட்டும் வெளியே போய்த்தான் தேட வேண்டும்.